வாய்தா வக்கீல்

நான் வக்கீலானதே ஒரு குழப்பத்தில்தான். பி.ஏ. முடித்த கையோடு என் சினேகிதன் ஒருவன் சட்டக் கல்லூரிக்கு மனுப் போடப் பட்டணம் புறப்பட்டான். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். போன இடத்தில் சும்மா நிற்பானேன் என்று நானும் ஒரு மனுவை எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. அவன் ஏதோ ஒரு வங்கியில் சேர்ந்து நிம்மதியாக இருந்தான். நான் எழுபதுகளின் நடுவில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, வேர்த்து வடிந்தபடி, சொந்த ஊரான செங்கல்பட்டிலேயே கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, கடைவீதியில் பாத்திரக் கடை. எங்கள் குடும்பத்தில் கோர்ட்டு வாசலை மிதித்தவர்கள் கிடையாது. அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். "கோர்ட்டுக்குப் போவாத குடும்பம்னு பேரு. இவன் இன்னாடான்னா தெனம் போயிகினு கீறான்" என்று அத்தா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். திட்டுகிறாரா, பெருமைப்படுகிறாரா என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

நான் சேர்ந்தது ஊரில் பேர் பெற்ற ஒரு மூத்த வக்கீலிடம். சீனியர் என்றுதான் அவரைச் சொல்வோம். அவருக்கு இங்கேயும் வழக்குகள், பட்டணத்து ஹைகோர்ட்டிலும் வழக்குகள். ஒரே நாளில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது அல்லவா? அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார். அவர் பட்டணத்தில் இருக்கும் நாட்களில் நான் இங்கே எழுந்து நின்று, வழக்கை இன்னொரு தேதிக்குத் தள்ளிவைக்கும்படி கேட்க வேண்டும். அதற்குப் பெயர் வாய்தா. முதல் இரண்டு வருஷமும் கோர்ட்டில் நான் பேசியது அந்த ஒரே வாக்கியம்தான். சில நாள் சீனியர் ஹைகோர்ட்டில் இருப்பார், சில நாள் அவருக்குக் காய்ச்சலாக இருக்கும், ஒரு தடவை அவசரத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கூட இருந்த ஜூனியர்கள் எனக்கு 'வாய்தா வக்கீல்' என்று பெயர் வைத்தார்கள். எரிச்சலாக இருந்தது. ஆனால் பொய் என்று சொல்லவும் வழியில்லை.

எங்கள் கடைக்கு அடுத்த கடைக்காரர் வீட்டில் உருது பேசுகிறவர். "எங்க பாஷையில வாதான்னா குடுத்த வாக்கு, தம்பி. நீங்க இன்னாடான்னா தள்ளிப் போடறதுக்கு அந்தப் பேர வச்சிகினு கீறீங்க" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். நான் சிரித்து மழுப்பிவிட்டு நடையைக் கட்டுவேன். வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இதுவரை எந்த வழக்கில் ஜெயித்திருக்கிறார் என்று பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்பது அம்மாவின் கவலை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண்ணின் வழக்கு எங்கள் ஆபீசுக்கு வந்தது. அவள் கல்பாக்கம் பக்கத்துப் பெண். மாமல்லபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனின் அப்பாவுக்குக் கடற்கரையில் சங்கு, சோழி மாலை விற்கும் கடை. புருஷனும் அதே கடையில்தான் நின்றான். இரண்டு குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இவளை அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணை, அதாவது இவள் புருஷனின் தங்கையை, இவளுடைய அண்ணனுக்கு எடுத்தார்கள். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம்.

இவளும் புருஷனும் நன்றாகத்தான் இருந்தார்கள். அண்ணனுக்கும் அந்தத் தங்கைக்கும்தான் ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் அண்ணன் கைநீட்டிவிட்டான். அவள் அழுதுகொண்டு மாமல்லபுரத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். எங்கள் பெண் அங்கே வாழாதபோது உங்கள் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று மாமனார் இவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பியதோடு நிற்காமல், மகன் பெயரில் விவாகரத்து மனுவும் போட்டார். மருமகள் தன் இஷ்டத்துக்குப் புருஷனை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று மனுவில் எழுதியிருந்தது. அது நிரூபணமானால் தாலி அறுந்த மாதிரிதான். அவர்களே அனுப்பினார்கள் என்று நாங்கள் காட்டினால் மனு தள்ளுபடி. வழக்கு இவ்வளவுதான். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் சில வாய்தாக்களுக்கு இரண்டு பக்கமும் கூட்டமாக வந்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம் நின்று முறைத்துக்கொள்வார்கள். நான் வாய்தா வாங்க வாங்கக் கூட்டம் கரைந்தது. அண்ணன் கல்பாக்கத்தில் லாரி ஓட்டினான். அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம், நினைத்த நாளில் லீவு கிடைக்காது. மாமனாருக்கும் வெள்ளைக்காரர்கள் வந்து போகிற நேரத்தில் கடையை விட்டுவர மனசில்லை. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான் வந்தார்கள். வராந்தாவின் இந்தக் கோடியில் அவள் நிற்பாள், அந்தக் கோடியில் அவன் நிற்பான்.

"இன்னா சார், இன்னிக்கும் வாய்தாதானா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து எனக்கு முகம் சிவந்துவிட்டது. "கோவிச்சுக்காதம்மா. சீனியர் பட்டணம் போயிருக்கார். அடுத்த தடவை எப்பாடு பட்டாவது விசாரணைக்கு எடுக்க வச்சிடறேன்" என்றேன்.

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. "ஐயோ, அதெல்லாம் வாணாம் சார். நீங்க வாய்தாவே வாங்குங்க. அவசரம் இன்னா கீது?"

வக்கீலைப் பார்த்து அவசரமில்லை என்று சொன்ன கட்சிக்காரரை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. விசாரணைக்குப் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டு திரும்பினேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஆனா ரொம்பத் தள்ளிப் போட்டுடாதீங்க சார். கிட்டகிட்டயா வாங்குங்க."

எனக்கு மண்டை காய்ந்தது. வழக்கு நடக்கக் கூடாது, ஆனால் தேதி மட்டும் சீக்கிரம் வர வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? எங்கள் குமாஸ்தாவிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணு புருசன அலைய வுடுது சார். தெனம் அலைய வுட்டாத்தான் அதுக்குக் கோவம் ஆறும்" என்று அடித்துச் சொன்னார். அதுவும் சரியாகத்தான் பட்டது. இவ்வளவு சாதுவாக இருக்கிற பெண்ணுக்குள் இப்படியொரு வன்மமா என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் திருக்கழுக்குன்றத்தில் உறவுக்காரர் வீட்டில் ஒரு விசேஷம். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, காலையில் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். மாமல்லபுரத்திலிருந்து வருகிற வழியும் கல்பாக்கத்திலிருந்து வருகிற வழியும் சேர்கிற ஊர் அது. கல்பாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் பஸ்ஸுக்கு ஓடி வந்தாள் அந்தப் பெண். கையில் ஒரு தூக்கு. முன் சீட்டில் ஒருவன் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். அவள் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் வேறு யாருமில்லை, எங்கள் எதிர்க்கட்சி.

பஸ் புறப்பட்டதும் அவள் தூக்கைத் திறந்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அவன் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ சொல்கிறான், அவள் சிரிக்கிறாள். அவள் சொல்கிறாள், அவன் தலையாட்டுகிறான். பாதி வழியில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கியே போய்விட்டான். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செங்கல்பட்டு வந்ததும் அவன் முதலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவள் கொஞ்சம் பொறுத்து வேறு வழியாகப் போனாள். நான் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் வராந்தாவின் இரண்டு கோடியில், ஒருவரையொருவர் முன்பின் பார்த்தறியாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவன் நயமாகப் பேசி இவளிடம் எதையோ எழுதி வாங்கப் பார்க்கிறான் என்று பட்டது. கோபத்தோடு அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்னம்மா நெனச்சிட்டிருக்கே? அவன் எதிர்க்கட்சி. அவன்கூட உக்காந்து இட்லி சாப்பிடறே?"

"எதிர்க்கட்சியா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அது எங்க வூட்டுக்காரரு சார்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "வாய்தா அன்னிக்கு மட்டும்தான் சார் பாக்க முடியிது. வேற நாள்ல அது இந்தப் பக்கம் வந்தா எங்கண்ணன் சும்மா வுடமாட்டான். நான் அந்தப் பக்கம் போனா மாமனாரு வாசல்லியே வெரட்டுவாரு. கோர்ட்டுக்குன்னா மட்டும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. கோர்ட்டு கூப்டா போயித்தான ஆவணும்?"

நான் வழக்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன். தேதிக்கு மேல் தேதி போட்டே மனுஷனைச் சாகடிக்கிறார்கள் என்று ஊரே வக்கீல்களைத் திட்டுகிறது. இவள் அந்தத் தேதிகளில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உள்ளே போய் நான் கேட்ட வாய்தாவை அதுவரை யாருக்காகவும் அவ்வளவு உருக்கமாகக் கேட்டதில்லை. கிடைத்தது. கிட்டத்துத் தேதியாகவே கிடைத்தது. அவள் அந்தக் கோடியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

சீனியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏதோ பாகப்பிரிவினை வழக்கில் மூழ்கியிருந்தார். "அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா? வாய்தா வாங்கியாச்சா, இல்லையா?" என்றார். வாங்கியாச்சு என்றேன். அத்தோடு முடிந்தது.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் பழைய ஜட்ஜ் மாற்றலாகிப் போய்ப் புது ஜட்ஜ் வந்தார். அவருக்கு வாய்தா என்ற வார்த்தையே ஆகாது. எங்கள் வழக்கு அவர் முன்னால் வந்த அன்று சீனியர் வழக்கம்போலப் பட்டணத்தில். டவாலிச் சேவகர் பெயர்களைக் கூப்பிட்டார். நான் எழுந்து வாய்தா கேட்டேன். வழக்கமாக இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் முணுமுணுக்க வேண்டும். அவரோ எழுந்து, தனக்கும் ஆட்சேபணை இல்லை, தன் கட்சிக்காரரும் வாய்தாதான் விரும்புகிறார் என்றார்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "வாதாடறவங்க ரெண்டு பேருக்கும் வாய்தா வேணும்னா, இந்தக் கேஸ் யாருக்குத்தான் வேணும்?" என்று கேட்டார். "இன்னிக்கு விசாரணை நடக்கும். மனுதாரரைக் கூண்டில ஏறச் சொல்லுங்க."

கேள்வி எதுவும் தயார் செய்துகொண்டு வரவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், எனக்கு என்ன வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. தோற்றால் அவள் தாலி போகும். ஜெயித்தால் வாய்தா போகும். திரும்பிப் பார்த்தேன். அவள் கதவோரத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை அவள் பார்க்கவில்லை, கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வக்கீல் கேட்கக் கேட்க, மனப்பாடம் செய்ததை அவன் ஒப்பித்தான். என் மனைவி தானாகவே என்னை விட்டுப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை, சேர்ந்து வாழ விருப்பமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். பிறகு என் முறை வந்தது. எழுந்தேன். முதலில் தாலி பிழைக்கட்டும், மற்றது அப்புறம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், வாயில் வந்ததைக் கேட்டேன்.

"உங்க மனைவி அம்மா வீட்டுக்கு எப்படிப் போனாங்க?"

"பஸ்லதான்."

"தனியாவா?"

"தனியா எப்டி சார் போவும்? நான்தான் இட்டுனு போயி வுட்டுட்டு வந்தேன்."

அவன் வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்தார். ஜட்ஜ் எழுதுவதை நிறுத்தினார். "நீயே கூட்டிட்டுப் போனியா?"

"ஆமாங்கய்யா. பொட்டி கனமா இருந்திச்சு. அத்தத் தூக்கினு அது ரெண்டு பஸ் எப்டி மாறும்?"

"அப்போ உங்க மனைவி உங்களை விட்டுட்டுப் போகலை?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது எங்க சார் வுட்டுட்டுப் போச்சு? போவ மாட்டேன்னு வாசப்படியப் புடிச்சிகினு அழுதிச்சு. நான்தான் கைய எடுத்து வுட்டேன்." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. மனப்பாடம் செய்ததில் இது இல்லையே என்று வக்கீலைப் பார்த்தான். கதவோரத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து ஜட்ஜ் வந்தார், மனுவைத் தள்ளுபடி செய்தார். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் வழக்கு. ஜூனியர்கள் முதுகில் தட்டினார்கள். குமாஸ்தா ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவள் நின்றிருந்தாள்.

"முடிஞ்சிபோச்சாம்மா உன் கவலை? நீ ஜெயிச்சிட்டே" என்றேன்.

"செரி சார்" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அப்போ அடுத்த வாய்தா என்னிக்கு?"

"இனிமே வாய்தா ஏது? கேஸே முடிஞ்சிடுச்சு."

அவன் எங்கிருந்தோ வந்து அவள் பக்கத்தில் நின்றான். கோர்ட்டு வாசலில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். இரண்டு பேரும் எதையோ பறிகொடுத்தவர்கள் மாதிரி நின்றதைப் பார்க்க எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது.

"ஏன்யா இப்படி நிக்கறே? பொண்டாட்டி உன் பொண்டாட்டிதான்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. கையைப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன். யாரு தடுக்கப் போறாங்க?"

"யாரும் தடுக்க வாணாம் சார்" என்றான் அவன். "வூட்ல என் தங்கச்சி கீது. வாழாவெட்டியா மூலையில குந்திகினு கீது. அது கண்ணு முன்னால நான் இவள இட்டுனு போயி எப்டி சார் குடும்பம் நடத்துவேன்?"

"எங்கண்ணன் அடிச்ச அடி சார்" என்றாள் அவள். "அந்தப் பொண்ணப் பக்கத்துல வச்சிகினு நான் எப்டி சிரிச்சிகினு இருப்பேன்? எங்கண்ணன் போயி அத்த இட்டுனு வந்தாத்தான் நானும் போவ முடியும். அவன் எறங்கி வர்ற வரிக்கும்..."

அண்ணன் இறங்கி வருகிற வரைக்கும்தான் அவர்களுக்கு வாய்தா வேண்டியிருந்தது. அதைத்தான் நான் முடித்துக் கொடுத்திருந்தேன். நான் படித்த சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவும் இல்லை. டீ ஆறிப்போய்க் கையில் இருந்தது. எனக்கு வந்தது துக்கமா, எரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"சார், தோத்தவன் மேல்கோர்ட்டுக்குப் போலாம்பாங்களே, நெசமா?" என்று அவன் கேட்டான்.

"போகலாம். ஆனா அதை உங்க வக்கீலைக் கேளுங்க. நான் எதிர்த்தரப்பு. நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது."

"நீங்களே சொல்லுங்க சார்" என்றாள் என் கட்சிக்காரி.

"அந்தக் கோர்ட்டு பட்டணத்துல கீதா சார்?" அவன் குரலில் பயம் இருந்தது.

"இல்லை. இங்கேதான். ஜில்லா கோர்ட்டு. இதே ஊர்."

"அப்போ இதே பஸ்ஸு?"

"இதே பஸ்தான்."

"அங்கியும் வாய்தா குடுப்பாங்களா?"

"இங்கே குடுக்கறதைவிடத் தாராளமாவே" என்றேன். வக்கீல் தொழிலுக்கு வந்து நான் கொடுத்த முதல் யோசனை அதுதான், அதுவும் எதிர்க்கட்சிக்கு. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் என்னைக் கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஒரே வழியாக நடந்தார்கள்.

சாயங்காலம் சீனியர் பட்டணத்திலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே, "வாய்தா கெடைச்சுதா?" என்றார்.

"இல்ல சார். விசாரணை முடிஞ்சு, மனு தள்ளுபடி. ஜெயிச்சிட்டோம்."

அவருக்கு நம்ப முடியவில்லை. நான் கேட்ட கேள்வியையும் அவன் சொன்ன பதிலையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பேஷ் என்று தொடையில் தட்டினார். "எதிர்க்கட்சி என்ன சொல்றான்? அப்பீல் போவானா?"

"போறாங்க சார்."

"போறாங்கன்னா? யாரு, அவனும் அவன் அப்பனுமா?"

"இல்ல சார்" என்றேன். "புருஷனும் பொண்டாட்டியும்."